துபாய் போறேன், எந்த விபிஎன் வாங்கட்டும்?

கேள்வி: வணக்கம் அண்ணே. நான் மதுரைக்காரன், சென்னைல ஒரு ஐடி கம்பெனில சப்போர்ட் இன்ஜினியர். அடுத்த மாசம் கிளையன்ட் வேலைக்கு துபாய் அனுப்புறாங்க, எட்டு மாசம் இருக்கணும். ஆபீஸ் துபாய்ல, ஆனா வாடகை கம்மின்னு ஷார்ஜா அல் நஹ்தால நம்ம ஊர் பசங்க இருக்குற ஃபிளாட்ல ஒரு பெட் ஸ்பேஸ் பேசி வச்சிருக்கேன், வைஃபை ஃப்ரீன்னு சொன்னாங்க. வாரத்துல ரெண்டு மூணு நாள் ரூம்ல இருந்தே சென்னை டீமோட நைட் கால் இருக்கும். அங்க வாட்ஸ்அப் கால் போகாதாம், எல்லாரும் ஏதோ ஃப்ரீ விபிஎன் போட்டுத்தான் வீட்டுக்குப் பேசுறாங்களாம். பொது வைஃபைல பேங்க் வேலை பாக்கவும் பயமா இருக்கு, ஓடிபி வருமான்னும் தெரியல. நல்ல விபிஎன் ஒண்ணு சொல்லுங்க, காசு குடுத்தாவது வாங்கிடுறேன்.

பதில்: தம்பி, கடைசி வரிக்கு மொதல்ல பதில் சொல்லிடுறேன். எந்த விபிஎன்னும் (உங்க நெட்ட வேற ஒரு சர்வர் வழியா மறைச்சுக் கொண்டுபோற ஆப்) வாங்காதீங்க. ஆபீஸ் லேப்டாப்ல கம்பெனியே போட்டுக் குடுத்த விபிஎன் ஒண்ணு இருக்கும்ல, அது போதும். அந்தக் காசுல அங்க ஒரு நல்ல டேட்டா சிம் எடுங்க. நெட்வொர்க் வேலைல வளைகுடா பக்கம் கொஞ்ச காலம் குப்பை கொட்டினவன்ங்கற முறைல சொல்றேன், நம்ம பசங்க அங்க போய் முழிக்கிறது பெரும்பாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு கட்டாகுற காலுக்கும் வராத ஓடிபிக்கும்தான், ஹேக்கருக்கு இல்ல. இதுல பாதி வேலைய ஃபிளைட் ஏறுறதுக்கு முன்னாடி இங்கயே முடிச்சிடலாம்.

விபிஎன் சமாச்சாரத்த முடிச்சிட்டு அதுக்கு வரேன், ஏன்னா இதுல ரெண்டு பக்கமும் கத விடுறாங்க. அமீரகத்துல விபிஎன் வச்சிருந்தாலே ஜெயில்னு ஒரு கோஷ்டி, அதெல்லாம் யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டும் சரியில்ல. 2021ல போட்ட 34ஆம் நம்பர் சைபர் குற்றச் சட்டம், 2022 ஜனவரில இருந்து நடைமுறைல இருக்கு, அதோட 10வது பிரிவு என்ன சொல்லுதுன்னா ஐபி அட்ரஸ (நெட்ல உங்க லைனோட அடையாள நம்பர்) மறைச்சு ஒரு குற்றம் செஞ்சாலோ, செஞ்சத கண்டுபிடிக்க விடாம தடுத்தாலோ சிறை, அபராதம், இல்ல ரெண்டுமே. அபராதம் 5 லட்சம் திர்ஹத்துல இருந்து 20 லட்சம் திர்ஹம் வரைக்கும். ரூபாய்க்கு மாத்திப் பாத்தீங்கன்னா தூக்கம் வராது. ஆனா கம்பெனி, பேங்க் எல்லாம் தன்னோட இன்டர்னல் நெட்வொர்க்குக்குள்ள போக விபிஎன் யூஸ் பண்றதுக்கு தடை இல்லன்னு அங்க உள்ள டெலிகாம் ரெகுலேட்டரே 2016ல விளக்கம் குடுத்திருக்கு. அதனால ஆபீஸ் விபிஎன் பத்தி கவலையே வேண்டாம். பிரச்சனை எங்க வருதுன்னா வாட்ஸ்அப் கால் மாதிரி அங்க லைசென்ஸ் இல்லாத, தடுத்து வச்சிருக்குற சேவைய தாண்டிப் போகறதுக்குன்னே சொந்த போன்ல விபிஎன் போடும்போதுதான். ஃபிளாட்ல நாலு பேரும் போடுறாங்க, யாரையும் பிடிக்கலன்னு சொல்வாங்க, இருக்கலாம், ஆனா விசா கம்பெனி பேர்ல இருக்கு, கிளையன்ட் சைட்ல வேலை பாக்குறீங்க, அம்மாகிட்ட பேச இந்த ரிஸ்க் தேவையே இல்ல.

ஏன்னா பேசுறதுக்கு நேர்வழியே இருக்கு. டீம்ஸ், ஜூம் ரெண்டும் அங்க அனுமதிச்ச லிஸ்ட்ல இருக்கு, போடிம்னு ஒரு ஆப் இருக்கு, அங்க இருக்குற நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேர் அதுலதான் வீட்டுக்குப் பேசுறாங்க. அம்மா போன்ல ஜூமோ போடிமோ இப்பவே இன்ஸ்டால் பண்ணி, ஒரு வாரம் நீங்க சென்னைல இருந்துக்கிட்டே அதுலயே பேசிப் பழக்கிடுங்க. அங்க போய் இறங்கினப்புறம் போன்ல "அம்மா அந்த பச்ச கலர் இல்லம்மா, நீல கலர்"ன்னு சொல்லிக்குடுக்குறது பெரிய கஷ்டம். வாட்ஸ்அப் மெசேஜ், வாய்ஸ் நோட், போட்டோ எல்லாம் அங்க சாதாரணமா போகும், கால் மட்டும்தான் கிடையாது. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, இந்த மாதிரி ஆப்ல குடும்பக் கத பேசுறதோட நிறுத்திக்கணும், பாஸ்வேர்டு, கிளையன்ட் விஷயம் எதுவும் வேண்டாம். டோடாக்னு ஒரு கால் ஆப் 2019ல அங்க ரொம்ப ஓடுச்சு, அது உளவு பாக்குற கருவின்னு அமெரிக்க அதிகாரிகள் சொல்றதா நியூயார்க் டைம்ஸ் எழுதினதும் கூகுளும் ஆப்பிளும் ஸ்டோர்ல இருந்து தூக்கினாங்க. கம்பெனி அப்படியெல்லாம் இல்லன்னு மறுத்துச்சு. யார் சொல்றது நிஜமோ, ஆபீஸ் பேச்சுக்கு ஆபீஸ் டீம்ஸ் இருக்கும்போது வேற எதுக்கு?

ஃப்ரீ விபிஎன் எங்கயுமே வேண்டாம், துபாய்னு இல்ல, மதுரைலயும் வேண்டாம். சர்வர் வாடகை, பேண்ட்வித் எல்லாத்துக்கும் அவனுக்கு காசு ஆகுது, அத உங்ககிட்ட வாங்காம யார்கிட்ட வாங்குறான்னு ஒரு நிமிஷம் யோசிங்க. 2015ல ஹோலான்னு ஒரு ஃப்ரீ விபிஎன் தன்னோட யூசர்களோட நெட் லைனையே வெளியாட்களுக்கு வித்துக்கிட்டு இருந்தது வெளிய வந்துச்சு. 2024 மே மாசம் அமெரிக்காவுல 911 எஸ்5ன்னு ஒரு பெரிய பாட்நெட்ட (ஓனருக்குத் தெரியாம கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் கூட்டம்) மடக்கினாங்க, அது பரவினதே மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன், ஷைன் விபிஎன் மாதிரி ஃப்ரீ ஆப்கள் வழியாத்தான், ஒரு கோடியே 90 லட்சம் ஐபி அட்ரஸ் அதுல சிக்கியிருந்துச்சு. இதுல உங்க டேட்டா போறது ஒரு பக்கம், உங்க லைன் வழியா வேற எவனோ மோசடி பண்ணுவான், ஐபி மட்டும் உங்க ஃபிளாட்டக் காட்டும். மேல சொன்ன சட்டம் இருக்குற ஊர்ல இது எங்க போய் முடியும்னு நான் சொல்லணுமா.

காசு குடுத்து வாங்குற விபிஎன்லயும் உங்களுக்கு ஒரு தொல்லை இருக்கு, அத யாரும் சொல்ல மாட்டாங்க. காலைல துபாய் ஆபீஸ்ல இருந்து மெயில் பாத்தீங்க, பத்து நிமிஷம் கழிச்சு போன்ல விபிஎன் ஆன்ல இருக்க அதே மெயில் நெதர்லாந்துல இருந்து ஓப்பன் ஆகுது. கம்பெனி சிஸ்டம் இத "ஒரே ஆள் இவ்வளவு சீக்கிரம் எப்படிப் பறந்தான்"னு பாத்து அக்கவுண்ட்ட லாக் பண்ணிடும். அன்னைக்கு ஊர்ல லீவா இருக்கும், ஹெல்ப் டெஸ்க் எடுக்க மாட்டான். பேங்க் ஆப்களும் இதே மாதிரி மொறைக்கும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஐடி டீமுக்கு ஒரு மெயில் போட்டு இந்தத் தேதில இருந்து அமீரகத்துல இருந்து லாகின் பண்ணுவேன்னு எழுதிக் குடுத்துடுங்க. அதே மெயில்ல இன்னொண்ணும் கேளுங்க, உங்க விபிஎன் கேட்வே (கம்பெனி நெட்வொர்க்குக்குள்ள நொழையுற வாசல் சர்வர்) எந்த ஊர்ல இருக்குன்னு. சில கம்பெனில எல்லாரையும் லண்டன், ஃப்ராங்க்ஃபர்ட் பக்கம் சுத்த விடுவாங்க. நீங்க ஷார்ஜால உக்காந்து சென்னை சர்வர தொட ஐரோப்பா போய்த் திரும்பி வரணும், அதுவும் கடலடி கேபிள் வழியா. 2025 செப்டம்பர்ல செங்கடல்ல ஜெட்டா பக்கத்துல கேபிள்கள் அறுந்தப்ப இந்தியா, பாகிஸ்தான், அமீரகம்னு எல்லா எடத்துலயும் நெட் படுத்துச்சு, மைக்ரோசாஃப்ட் கூட தன்னோட கிளவுட்ல தாமதம் இருக்கும்னு அறிவிச்சாங்க. மும்பை கேட்வே இருந்தா அதுக்கு மாத்திக் கேளுங்க. அமீரகத்தோட புஜைரா கரைல இருந்து மும்பைக்கு கேபிள் அரபிக் கடல்லயே நேரா வந்துடும், செங்கடல் பக்கமே போக வேண்டாம்.

இப்ப அந்த "வைஃபை ஃப்ரீ". பெட் ஸ்பேஸ் விளம்பரத்துல இந்த ரெண்டு வார்த்தைக்கு எந்த மரியாதையும் கிடையாது. ஒரு ஹால், மூணு ரூம், பத்து பேரு, ஒரு ரவுட்டர், அது வாசப்படிக்குப் பக்கத்துல ஷூ ஸ்டாண்டு மேல உக்காந்திருக்கும். ஸ்பீட் டெஸ்ட் போட்டா 200 எம்பின்னு காட்டும், அதப் பாத்து ஏமாறாதீங்க, காலுக்கு வேண்டியது ஸ்பீடே இல்ல. டீம்ஸ் வீடியோவுக்கு ஒண்ணு ரெண்டு எம்பி தாராளம், வெறும் பேச்சுக்கு அதுல பத்துல ஒரு பங்கு கூட வேண்டாம். வேண்டியது என்னன்னா உங்க பாக்கெட் (குரல துண்டு துண்டா அனுப்புற டேட்டா) ஒவ்வொண்ணும் ஒரே சீரா, லேட்டாகாம போய்ச் சேரணும். பக்கத்து பெட் ஆள் கல்யாண வீடியோவ டிரைவ்ல ஏத்த ஆரம்பிச்சா, ஒத்த லாரி போற பாலத்துல அவரோட பத்து லாரி முன்னாடி நிக்கும், உங்க பைக் பின்னாடி நிக்கணும். அந்த நேரம் பாத்து ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுனாலும் டவுன்லோடு நல்லாத்தான் காட்டும், ஆனா சென்னைல உங்க மேனேஜருக்கு உங்க குரல் ரோபோ மாதிரி கேக்கும்.

அத கண்டுபிடிக்க ஒரு சின்ன வேலை. லேப்டாப்ல கமாண்ட் விண்டோவத் தொறந்து கூகுளோட 8.8.8.8க்கு பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எத்தன மில்லிசெகண்ட் ஆகுதுன்னு காட்டுற கமாண்ட்) போட்டு ஓடவிடுங்க, மைனஸ் டி போட்டா நிக்காம ஓடும். சும்மா இருக்கும்போது ஒரு நம்பர் வரும், அத நோட் பண்ணிக்கோங்க. இப்ப போன்ல இருந்து ஒரு பெரிய வீடியோவ அப்லோடு பண்ணிக்கிட்டே திரும்ப பிங்கப் பாருங்க. நம்பர் கொஞ்சமா ஏறினா பரவாயில்ல, ரெண்டு இலக்கத்துல இருந்தது 400, 600ன்னு எகிறினாலோ, நடுநடுவுல டைம் அவுட்டுன்னு விழுந்தாலோ அந்த வைஃபைல நைட் கால் நடக்காது. ரவுட்டர்ல கியூஓஎஸ்னு (காலுக்கு முன்னுரிமை குடுக்குறது) ஒரு செட்டிங் இருந்தா அத ஆன் பண்ணி ஓரளவு சரி பண்ணலாம், ஆனா ரவுட்டர் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குங்கறதே அந்த ஃபிளாட்ல யாருக்கும் தெரியாது.

வைஃபைல பேண்டும் (அலைவரிசை) பாருங்க. அல் நஹ்தா மாதிரி எடத்துல ஒரு பில்டிங்ல நூறு ரவுட்டர் இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மொத்தமே மூணு, 1, 6, 11. அதுல எல்லாரும் முட்டிக்கிட்டு நிப்பாங்க. 5 கிகாஹெர்ட்ஸ்ல எடம் நெறைய, ஆனா கான்கிரீட் சுவத்த தாண்டாது, உங்க பெட் கடைசி ரூம்ல இருந்தா கிடைக்காது. நான் சொல்றது பழைய ஆளு மாதிரி இருக்கும், ஆனா ஒரு 15 மீட்டர் லேன் கேபிளும், லேப்டாப்ல போர்ட் இல்லன்னா ஒரு யுஎஸ்பி அடாப்டரும் வாங்கிட்டுப் போங்க. சுவரோரமா ஓட்டி டேப் ஒட்டிடலாம். ஃபிளாட்காரங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

இன்னொரு விசித்திரம் வரும், அப்ப பயப்படாதீங்க. பிரவுசிங் ஓடுது, யூடியூப் ஓடுது, ஆபீஸ் விபிஎன் கனெக்ட் ஆகிடுச்சுன்னு பச்சை லைட்டும் எரியுது, ஆனா உள்ள அவுட்லுக் சுத்திக்கிட்டே இருக்கும், ரிமோட் டெஸ்க்டாப் கருப்பா நிக்கும். பாதி பேர் இத லைன் ஸ்லோன்னு நெனச்சு ரவுட்டர அணைச்சு அணைச்சு போடுவாங்க. பெரும்பாலும் பாக்கெட் சைஸ் பிரச்சனை. விபிஎன்ன அணைச்சிட்டு பிங் கமாண்ட்ல மைனஸ் எஃப் போட்டு, மைனஸ் எல் 1472ன்னு குடுங்க, போச்சுன்னா லைன் முழு 1500 சைஸ தூக்குது, ஏன்னா 28 பைட் ஹெட்டருக்கு போகும். ஃப்ராக்மென்ட் பண்ணணும்னு (உடைச்சு அனுப்பணும்னு) எரர் வந்தா 1460, 1440ன்னு குறைச்சுக்கிட்டே வாங்க, எங்க போகுதோ அந்த நம்பரோட ஸ்கிரீன்ஷாட்ட ஐடி டீமுக்கு அனுப்புங்க. "விபிஎன் வேலை செய்யல"ன்னு மொட்டையா டிக்கெட் போட்டா நாலு நாள் இழுப்பான், இந்த நம்பர குடுத்தா எம்டியு (ஒரு பாக்கெட்டோட உச்ச சைஸ்) குறைச்சுக் குடுத்துடுவான்.

அடுத்து நான் சொன்ன அந்த சிம். அங்க ரெண்டே டெலிகாம் நெட்வொர்க்தான், எதிசலாத்தும் (இப்ப பேரு e&) டூவும். வர்ஜின் மொபைல்னு ஒண்ணு பாப்பீங்க, அது டூ நெட்வொர்க்லயே ஓடுறது, அத மூணாவதா கணக்குல சேக்காதீங்க. ஃபிளாட் லைன் யாருதுன்னு கேட்டுட்டு, உங்க சிம்ம மத்தவன்கிட்ட எடுங்க. ஒருத்தன் படுத்தா இன்னொருத்தன் இருக்கணும், ரெண்டையும் ஒரே கம்பெனில வாங்கினா ரெண்டும் ஒண்ணா படுக்கும். பாஸ்போர்ட்ட வச்சு வந்த அன்னைக்கே விசிட்டர் சிம் எடுக்கலாம், எமிரேட்ஸ் ஐடி (அந்த ஊர் அடையாள அட்டை) கைக்கு வந்ததும் ஒழுங்கான பிளானுக்கு மாறிக்கோங்க. வீடியோ போட்டா ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி வரைக்கும் போகும், அதனால நைட் கால்ல கேமராவ அணைச்சிடுங்க, ஹாட்ஸ்பாட்லயே மாசம் ஓட்டிடலாம். ஹாட்ஸ்பாட்ட ஒரு தடவ லேப்டாப்ல முன்கூட்டியே கனெக்ட் பண்ணி சேவ் பண்ணி வைங்க, கிளையன்ட் லைன்ல இருக்கும்போது பாஸ்வேர்டு தேடக் கூடாது.

பாதுகாப்பு பத்தி கேட்டீங்க. ஒரே பாஸ்வேர்டுல பத்து பேர் ஓடுற வைஃபைல, தெரிஞ்சவன் ஒருத்தன் நெனச்சா வைஃபை அளவுல உங்க டிராஃபிக்க பிரிச்சுப் பாக்க முடியும், டபிள்யூபிஏ2ல (வைஃபையோட பழைய பூட்டு முறை) அது சாத்தியம், டபிள்யூபிஏ3ல கஷ்டம். ஆனா பிரிச்சாலும் பேங்க் ஆப், ஜிமெயில், ஆபீஸ் மெயில் எல்லாம் உள்ளுக்குள்ள எச்டிடிபிஎஸ்ல பூட்டித்தான் போகுது, எந்த சைட்டுக்குப் போறீங்கன்னு தெரியும், என்ன டைப் பண்றீங்கன்னு தெரியாது. அந்தப் பூட்ட தொறக்குறது பெரும்பாலும் நம்மளேதான். சர்டிபிகேட் சரியில்லன்னு பிரவுசர் சிவப்பா காட்டும்போது "பரவாயில்ல தொடரு"ன்னு அமுக்குறது, ஹோட்டல் வைஃபைல நொழைஞ்சதும் "இந்த அப்டேட்ட போடு"ன்னு வர்றத நம்பிப் போடுறது. 2014ல காஸ்பர்ஸ்கிங்கற பாதுகாப்பு கம்பெனி வெளிய கொண்டுவந்த டார்க்ஹோட்டல்னு ஒரு கும்பல் இதத்தான் செஞ்சுது, பெரிய ஹோட்டல்ல தங்குற கம்பெனி அதிகாரிங்க வைஃபைல லாகின் பண்ணதும் அடோபி ஃப்ளாஷ் அப்டேட்னு போலிய நீட்டி உள்ள நொழைஞ்சாங்க. அப்டேட் எல்லாத்தையும் சென்னைலயே போட்டு முடிச்சிட்டு ஏறுங்க, அங்க போய் வர்றது செட்டிங்ஸ்குள்ள இருந்து வந்தா மட்டும் போடுங்க. விண்டோஸ் கேக்கும்போது ஃபிளாட் வைஃபைய பப்ளிக் நெட்வொர்க்னே வைங்க, நண்பர்கள்தானேன்னு பிரைவேட் போட வேண்டாம். ஏர்போர்ட்ல சார்ஜர் போர்ட் வழியா டேட்டாவ திருடுவான்னு ஃபார்வர்டு வரும், அதுக்கெல்லாம் ரொம்ப மண்டைய உடைச்சுக்காதீங்க, சொந்த சார்ஜர் கொண்டு போனா விஷயம் முடிஞ்சுது.

உங்க பணத்துக்கு நிஜமான வாசல் சிம்முதான். மொதல்ல பாருங்க, பேங்க்ல குடுத்திருக்குற நம்பர் யார் பேர்ல இருக்கு? நம்ம ஊர்ல காலேஜ் படிக்கும்போது அப்பா பேர்ல வாங்கின சிம்ம அப்படியே ஓட்டிக்கிட்டு இருப்போம். அங்க போன் தொலைஞ்சா டூப்ளிகேட் சிம்முக்கு அப்பாதான் ஷோரூம் போய் நிக்கணும், வாங்கினாலும் சிம் மதுரைல இருக்கும், நீங்க ஷார்ஜால இருப்பீங்க. உங்க பேருக்கு மாத்துறதுன்னா இப்பவே மாத்துங்க. இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் பண்ணுங்க, டேட்டா ரோமிங்க மட்டும் ஆஃப்ல வைங்க, மறந்தீங்கன்னா பில் பழுத்துடும். ரோமிங்ல எஸ்எம்எஸ் வாங்குறதுக்கு பெரும்பாலும் காசு கிடையாது, ஆனா ரீசார்ஜ் வேலிடிட்டி தீந்துட்டா அதுவும் நின்னுடும், தேதிய காலண்டர்ல போட்டு வைங்க.

யுபிஐ ஆப்ப அங்க போய் அழிச்சுப் போடாதீங்க. அது ரிஜிஸ்டர் ஆகுறதே உங்க சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான், ரோமிங்ல அது பல நேரம் போகாது. துபாய்ல விலை கம்மின்னு போன வாரமே ஒருத்தர் புது போன் வாங்கி பழசத் தம்பிக்கு குடுத்து அனுப்பிட்டு, பேங்க் ஆப் எதுவும் ஏறலன்னு எனக்கு எழுதியிருக்கார். போன் மாத்தணும்னா சென்னைல மாத்திட்டுப் போங்க. அமீரக நம்பர்லயே யுபிஐ ஓட்டுற வசதிய 2023ல யுபிஐய நடத்துற என்பிசிஐ திறந்துவிட்டாங்க, ஆனா அது என்ஆர்இ, என்ஆர்ஓ (வெளிநாட்டுல இருக்குற இந்தியர்களுக்கான) அக்கவுண்ட்டுக்கு மட்டும், உங்க பேங்க்ல இருக்கான்னு கேட்டுக்கோங்க.

ஓடிபிய எஸ்எம்எஸ்ல நம்புறத விட மெயிலுக்கும் ஆபீஸுக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் (போன்லயே லாகின் நம்பர் போட்டுக் குடுக்குறது) நல்லது, சிம்மும் வேண்டாம் நெட்டும் வேண்டாம். பேக்கப் கோட (அந்த ஆப் இல்லாதப்ப உள்ள போற நம்பர்) பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட் கவர்ல வைங்க. இதுல ஒரு கூத்து உண்டு. கூட வேலை பாத்த ஒருத்தர் ஷார்ஜால இறங்கினதும் போன் மணிய கையாலயே ஒன்றரை மணி நேரம் பின்னாடி திருப்பிட்டார், டைம் ஜோன் இந்தியாலயே இருந்துச்சு. அந்த ஆப் மணியப் பாத்துத்தான் 30 செகண்டுக்கு ஒரு நம்பர் போடும், அதனால வந்த நம்பர் எல்லாமே ஒன்றரை மணி நேரம் பழசு. ரெண்டு நாளா அக்கவுண்ட் ஹேக் ஆகிடுச்சுன்னு அலறிக்கிட்டு இருந்தார். டைம் ஆட்டோமேட்டிக்ல இருக்கட்டும், கைய வைக்காதீங்க. அங்க போனதும் யுஏஇ பாஸ்னு ஒரு அரசாங்க ஆப் போடுவீங்க, அத வச்சே பாதி கையெழுத்து போட்டுடலாம், அதுக்கு வர்ற கோட போன்ல எவன் கேட்டாலும், போலீஸ்னு சொன்னாலும் குடுக்காதீங்க.

கடைசியா அந்த ஃபிளாட். அட்வான்ஸ் குடுத்துடலன்னு நெனக்கிறேன். அங்க இருக்குற நண்பர்கிட்ட ஒரு உதவி கேளுங்க, வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, எல்லாரும் வேலை முடிஞ்சு வந்தப்புறம், உங்களுக்குக் குடுக்கப்போற கட்டில்ல உக்காந்துக்கிட்டு, ஹால்ல இல்ல, லேப்டாப்ல இருந்து உங்களுக்கு ஒரு ஜூம் கால் போடச் சொல்லுங்க, கூடவே அந்த பிங் டெஸ்ட்டும். அரை மணி நேரம் பேசுங்க. தேறலன்னா வாடகைல கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க, இல்ல ரெண்டு மூணு பேர் சேந்து உங்க ரூமுக்குன்னு தனியா ஒரு 5ஜி ஹோம் ரவுட்டர் எடுங்க, லைன் இழுக்க வேண்டாம், பிளக்ல சொருகினா வேலை செய்யும். காண்ட்ராக்ட் எத்தன மாசம்னு மட்டும் கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க, எட்டு மாசத்துல கிளம்புறவர் 24 மாச பிளான்ல மாட்டினா நடுவுல விடுறதுக்கு காசு கேக்கலாம்.